"சுத்த வெள்ளி ஒயர்" வாங்கி ஏமாந்த கதை: ஐபாடுக்குக் கேபிள் செய்பவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

எனக்கு அந்த ஒயரை விற்ற ஆளின் வாட்ஸப் குழுவில் "ஒயர் பிரமாதம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று குரல்பதிவு போட்டவன் நான்தான். அதை நம்பி இரண்டு பேர் பணம் அனுப்பினார்கள். மானம் போனாலும் பரவாயில்லை, முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 160 ஜிபி ஐபாட் கிளாசிக், ஆப்பிளின் பாட்டுப் பெட்டி. 2009-இல் வந்த மாடல். 2014-இல் ஆப்பிள் அந்த வரிசைக்கே மூடுவிழா நடத்திவிட்டது. பழைய சாமான்தான், ஆனால் அதன் அடியில் இருக்கும் 30 பின் சாக்கெட்டில் லைன் அவுட் உண்டு. ஹெட்போன் ஓட்டையில் வரும் சத்தம் நாம் வைக்கும் வால்யூமுக்குத் தக்க ஏறி இறங்கும். லைன் அவுட்டில் அந்தக் கதை இல்லை, ஒரே மட்டத்தில் வரும். அதை ஒரு குட்டி ஆம்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில், செருகிக் கேட்பது ஒரு சுகம். அதற்கான சின்னக் கேபிளைக் கையாலேயே செய்துகொள்வது ஒரு பைத்தியம். எனக்கும் பிடித்தது.

வேண்டியது ஒரு 30 பின் பிளக், ஒரு 3.5 மிமீ பிளக், நடுவில் ஒரு சாண் ஒயர். ஒரு சாண் போதும் என்றாலும் 4 மீட்டருக்குக் குறைந்து தரமாட்டேன் என்றார் அவர். மீட்டர் 1,450 ரூபாய். "99.99 சுத்த வெள்ளி பிரதர், 24 கேஜ், டெஃப்லான் உறை. இதையே கேபிளாப் பண்ணி வெளியில என்ன விலைக்கு விக்கிறாங்கன்னு பாருங்க." கேஜ் என்பது ஒயரின் கனத்தைச் சொல்லும் எண். ஒயர் 5,800, பிளக் இரண்டும் 1,100. பில் கேட்டேன். "பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும் பிரதர், பார்த்துக்கங்க." மிச்சம் பிடிக்கும் புத்தி. வேண்டாம் என்றேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

பார்சலோடு எந்த ஒயரை எங்கே பற்றவைப்பது என்று ஒரு படமும் அனுப்பியிருந்தார். 2-ஆம் பின் கிரவுண்ட், 3 வலது, 4 இடது. எண்கள் சரி. ஆனால் படம் பிளக்கின் முகத்தைப் பார்த்து வரைந்தது, நாம் ஈயம் வைப்பதோ முதுகில். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறிவிடும். நான் மறுமுனையில் பற்றவைத்துவிட்டு, சத்தமே வரவில்லையே என்று ஒரு மணிநேரம் ஆம்பைச் சந்தேகப்பட்டேன். அதே 30 பின்னுக்குள் சார்ஜ் ஏறும் 5 வோல்ட் பின்னும் இருக்கிறது. ஈயம் ஒரு சொட்டு தவறி ஓடியிருந்தால் ஐபாடுக்கே சங்கு.

திரும்பப் பிரித்துச் சரியாகப் பற்றவைத்ததும் பாட்டு வந்தது. அடடா, என்ன தெளிவு! வயலின் தனியாக, தபேலா தனியாக நிற்கிறது என்று தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? 6,900 ரூபாய் போயிருக்கிறது. அந்த மயக்கத்தில்தான் அந்தக் குரல்பதிவு.

பதினைந்தாம் நாள் இடது காது ஊமையானது. மல்டிமீட்டரை வைத்தால் 3.5 பிளக்கின் நுனியும் உடம்பும் ஒட்டிக் கிடக்கிறது. பிரபல கம்பெனியின் பெயர் பொறித்த போலி பிளக். உள்ளே வளையங்களைப் பிரிக்கும் பிளாஸ்டிக், சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே இளகியிருக்கிறது. பதினைந்து நாள் செருகிப் பிடுங்கியதில் மெல்ல நகர்ந்து ஒட்டிவிட்டது.

வேறு பிளக் போடலாம் என்று ஒயரை வெட்டினேன். முதல்முறை நிப்பரால் நசுக்கி வெட்டி, உடனே ஈயம் பூசிவிட்டதால் வெட்டுவாயை நான் பார்க்கவே இல்லை. இந்த முறை புது பிளேடு. வெட்டிய முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வெளியே வெள்ளை, நடுவில் சிவப்பு. உள்ளே சிவந்த கொய்யாவைக் குறுக்கே வெட்டின மாதிரி. ஒயரின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர்தான், இருந்தும் பளிச்சென்று தெரிந்தது.

கண்ணை நம்பாமல் மறுநாள் திருச்சி பெரிய கடைவீதிக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கொலுசெல்லாம் செய்துகொடுக்கும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். "என்ன தம்பி, கொலுசுக்கா?" என்றார். "இல்லங்கய்யா, பாட்டு கேக்குறதுக்கு" என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு உரைகல்லில் ஒரு கோடு. கோடே செம்பழுப்பு. மேலே ஒரு சொட்டு திராவகம் விட்டார், பச்சையாக நுரைத்தது. பக்கத்திலேயே நல்ல வெள்ளியை உரைத்து, திராவகம் விட்டு, அதில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு வைத்தார். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டியது. "வெள்ளின்னா இப்படித் திரியணும் தம்பி. இது தாமிரம், மேல முலாம்."

தராசையும் பார்த்துவிடுவோம் என்றேன். மிச்சமிருந்ததில் சரியாக ஒரு மீட்டர் அளந்து, டெஃப்லான் உறையை உருவிவிட்டுப் போட்டார். 1.85 கிராம். 24 கேஜ் வெள்ளிக் கம்பி ஒரு மீட்டர் 2.15 கிராம் வர வேண்டும், தாமிரம் 1.84. கணக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது. காசு வாங்க மறுத்துவிட்டார். "இதை இங்க வித்துறாதீங்க" என்று சிரித்தார்.

வெள்ளி தாமிரத்தைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது நூற்றுக்கு ஆறு பங்குதான். ஒரு அடி நீளத்துக்கு 24 கேஜ் தாமிரத்தின் தடையே 0.03 ஓமைத் தொடாது. எதிரே இருக்கும் ஆம்பின் உள்ளீட்டுத் தடை பத்தாயிரம் ஓம், அதற்கும் மேலே. இந்த இடத்தில் தாமிரமா வெள்ளியா என்று எந்தக் காதும் சொல்லாது. அந்த ஆளுக்கு இது தெரியும். கேட்டுக் கண்டுபிடிக்க முடியாத பொருளில் கலப்படம் செய்தால் யார் பிடிப்பது? மீதியை நம் பர்ஸே நம் காதில் ஓதிவிடும்.

படங்களோடு அவருக்கு அனுப்பினேன். "வெட்டின ஒயருக்கு ரிட்டர்ன் கிடையாது பிரதர்" என்றார். திராவகம் வைத்த வீடியோ போனதும் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார், எண்ணும் பிளாக். 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அங்கே பேசினேன். முதல் கேள்வியே பில். என்னிடம் இருந்தது ஜிபே ரசீதும் அரட்டைப் படங்களும். பார்சல் ஒட்டியில் இருந்த பெயர் வேறு, பணம் போன கணக்கின் பெயர் வேறு. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. ஆனால் எதிர்மனுதாரர் என்று யார் பெயரை எழுதுவது?

அதனால் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன்பே, பிளேடால் வெட்டிய முனையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பல இழை ஒயராக இருந்தால் ஒவ்வொரு இழையும் மயிரிழை, முலாம் கண்ணுக்குத் தெரியாது. உறை நீக்கி எடை போடுவதுதான் வழி. காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. உள்ளே இரும்பு இருந்தால்தான் ஒட்டும், தாமிரத்துக்கும் ஒட்டாது, வெள்ளிக்கும் ஒட்டாது. பில்லில் "வெள்ளி" என்ற சொல்லே இருக்க வேண்டும். வெறும் "ஆடியோ ஒயர்" என்று போட்டால் பின்னால் ஒன்றும் பேச முடியாது.

இப்போது என் கேபிளில் இருப்பது மைக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்த சாதாரணத் தாமிர ஒயர். பாட்டு அப்படியேதான் இருக்கிறது. வயலின் தனி, தபேலா தனி.

என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருத்தர் வெட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டினார், வாங்கிக்கொண்டேன். இன்னொரு தம்பி வெட்டவே மாட்டேன் என்கிறான். "விடுங்கண்ணா, எனக்கு வெள்ளி மாதிரியேதான் கேக்குது."