தாலமியா, லைசிமாக்கஸா: நான் எடுத்த வெள்ளிக்காசு

அலெக்சாண்டருக்குப் பின் வந்த தளபதிகளின் வெள்ளிக்காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் பணம் சேர்த்தேன். கடைசியில் தாலமியா, லைசிமாக்கஸா என்று வந்து நின்றது. இருவர் காசும் நான்கு திராக்மா; திராக்மா என்பது அன்றைய கிரேக்க நாணய அலகு. இருவருக்கும் சிக்கலும் ஒன்றே: அரச வம்சத்தில் பிறக்கவில்லை. எதைக் காட்டி அரியணையில் உட்காருவது?

தாலமி எகிப்தில் முதலில் அடித்தது, யானைத்தோல் அணிந்த அலெக்சாண்டரின் தலையை. அரசரான பின் அந்த இடத்தில் தன் முகத்தையே வைத்துவிட்டார். பின்பக்கம் கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம் ஜீயஸின் கழுகு. துணிச்சலான வேலை. அவர் காசுகளை நான் கையில் எடுத்துப் பார்த்தது இரண்டே முறை. அதை வைத்துச் சொன்னால், அந்த முகத்தில் இருக்கும் உயிர் லைசிமாக்கஸ் காசுகள் பலவற்றில் இல்லை.

திரேஸை ஆண்ட லைசிமாக்கஸ் வேறு வழியில் போனார். கி.மு. 297 வாக்கில் தொடங்கிய அவர் காசில் தலைப்பக்கம் அலெக்சாண்டர்தான்: தலையில் அரசநாடா, காதோரம் அம்மோன் தெய்வத்தின் ஆட்டுக்கொம்பு. காசைத் திருப்பினால் கிரேக்கப் போர்த்தெய்வம் அத்தீனா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையில் நிற்கும் வெற்றித்தெய்வம் நைக்கி மாலை சூட்டுவது ஆளுக்கு இல்லை, ‘அரசர் லைசிமாக்கஸின்’ என்ற எழுத்துக்கு! முகம் செத்தவருடையது, மாலை இருப்பவருக்கு. இதை முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் காசைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது படம் இல்லை, எடை. அலெக்சாண்டர் ஆசியா வரை பரப்பிய ஏதென்ஸ் அளவில் நான்கு திராக்மா ஏறக்குறைய 17.2 கிராம். தாலமி அதைப் படிப்படியாக 14.2 கிராமுக்கு இறக்கினார். வெளிக்காசு எகிப்துக்குள் செல்லாது, மாற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே அவர் சொன்னதுதான் மதிப்பு. ஆனால் ஏதென்ஸ் எடையில் கணக்குப் பார்க்கும் ஊரில் அதே காசைத் தராசில் வைத்தால் 3 கிராம் குறையும். அங்கே அந்த முகத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? லைசிமாக்கஸ் எடையில் கை வைக்கவில்லை. ஐரோப்பாப் பக்கம் திரேஸில் அடித்தாலும் ஆசியாப் பக்கம் எபேசஸில் அடித்தாலும், பழைய அலெக்சாண்டர் காசோடு சேர்த்தே எண்ணலாம். அவரை அரசராக ஏற்காதவரும் அவர் பெயர் பொறித்த காசை வாங்கிப் பையில் போட்டிருப்பார்.

வம்சம் என்று பார்த்தால் தாலமிதான் ஜெயித்தார்; கி.மு. 30 வரை அவர் வாரிசுகள் ஆண்டார்கள். லைசிமாக்கஸ் தன் மகன் அகத்தோக்ளிஸையே கொல்லவைத்தார். கி.மு. 281-ல் கொருபீடியன் போரில் தானும் விழுந்தார். ஆட்சி அதோடு போயிற்று.

அப்புறமும் காசு நிற்கவில்லை. பைசாந்தியம் (இன்றைய இஸ்தான்புல்) போன்ற நகரங்கள் கி.மு. முதல் நூற்றாண்டு வரை அவர் பெயரிலேயே அடித்தன. நான் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்று. அச்சு கொஞ்சம் முரடு, விலையும் அதனால் குறைவு. அத்தீனாவின் இருக்கைக்குக் கீழே பைசாந்தியத்தின் இரண்டு எழுத்து, அதற்கும் கீழே திரிசூலம். மாலை மட்டும் இன்னும் லைசிமாக்கஸ் பெயரின் மேலேயே இருக்கிறது.