கிராம்பு ஏற்றுமதி: கைமாற்றியா, நேராகவா?
கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்பை வெளிநாட்டில் விற்க இரண்டு வழி உண்டு. தூத்துக்குடி ஏற்றுமதியாளரிடம் கொடுத்தால் துறைமுகம், கஸ்டம்ஸ் எல்லாம் அவர் தலைவலி. மூட்டையை எடை போட்டதும் நம் வேலை முடிந்தது. ஆனால் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்பு, பெயரில்லாத சரக்காகக் கலந்து போய்விடும். எனக்கு அதுதான் உறுத்தல்.

நேராக என்றால் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண்) வாங்க வேண்டும். கூடவே உணவுப் பாதுகாப்பு உரிமம், நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டில் பதிவு. அப்புறம் தபால் துறை வழியாகச் சின்னப் பார்சலாகவே அனுப்பலாம். கட்டணம்தான் கொஞ்சம் கடிக்கும். கிராம்பைக் காய வைப்பதிலும் கோட்டைவிடக் கூடாது. காம்பை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் வழியிலேயே பூஞ்சைதான்.

மூட்டைக் கணக்கு என்றால் ஏற்றுமதியாளர். கால் கிலோ பாக்கெட் என்றால் நான் தபாலைத்தான் பிடிப்பேன்.