சீரியலா, பேரலலா? பல்பு எரியும் இரண்டு வழிகள்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதற்கு முன்பே தெருவில் சீரியல் செட் தொங்க ஆரம்பித்துவிடும். சின்ன வயதில் எனக்குக் கிடைத்த வேலை ஒன்றே ஒன்று. செட் மொத்தமாக அணைந்துபோனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல பல்பு ஒன்றை ஒவ்வொரு இடமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அதே வீட்டில் திண்ணை பல்பு பியூஸ் போனாலும் கூடத்து பல்பு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

வித்தியாசம் பாதையில் இருக்கிறது. பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பும் மின்னோட்டம், பல்பின் டங்ஸ்டன் இழைக்குள் புகுந்து மறுமுனைக்குத் திரும்பினால்தான் பல்பு எரியும். இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி ஒளிர்கிறது. வழியில் எங்கே அறுந்தாலும் வெளிச்சம் இல்லை.

சீரியலில், அதாவது தொடர் இணைப்பில், எல்லா பல்புக்கும் ஒரே பாதை. 230 வோல்ட்டை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். பழைய செட்டில் 6 வோல்ட் பல்புகள் 38 இருந்தால் கணக்குச் சரியாக வரும். ஒன்று போனால் மற்ற 37-ம் இருட்டு. பேரலலில், பள்ளிப் புத்தகம் சொல்லும் பக்க இணைப்பில், ஒவ்வொரு பல்புக்கும் தனிப்பாதை, முழு வோல்ட்டேஜ்.

போன மாதம் அக்கா மகளுக்கு அட்டையில் இதைச் செய்து காட்டினேன். இரண்டு பென்டார்ச் செல், இரண்டு டார்ச் பல்பு. சீரியலில் போட்டதும் இழை இரண்டும் சிவந்து மினுங்கியதோடு சரி. "மாமா, செல்லு வீக்காயிடுச்சா?" என்றாள். வயரை மாற்றிப் பேரலலாக்கியதும் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அந்த வெளிச்சத்துக்கு விலை உண்டு: ஒரு பல்பு இழுப்பதைப் போல இரண்டு மடங்கு மின்னோட்டம் போவதால் செல் சீக்கிரம் தீரும். (இந்தச் சோதனையெல்லாம் செல்லோடு மட்டும். வீட்டுக் கரண்டில் வேண்டவே வேண்டாம்.)

வீட்டுக்கு எது என்றால், யோசிக்கவே வேண்டாம், பேரலல்தான். ஆனாலும் சீரியலை மட்டமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவிட்ச் பல்போடு சீரியலில் இருப்பதால்தான் ஒரு தட்டில் விளக்கு அணைகிறது. பியூஸும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது ரிப்பேர் கடைகளில் இருக்கும் சீரிஸ் போர்டு. காட்பாடிப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெக்கானிக் அதை நேராக பிளக்கில் சொருகவில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றோடு சீரியலாக மாட்டினார். பெட்டி நன்றாக இருந்தால் பல்பு கொஞ்சம் மங்கி எரியும். உள்ளே ஷார்ட் என்றால் முழு வெளிச்சம் வரும், ஆனால் அரை ஆம்பியருக்கு மேல் கரண்ட் போகாததால் பியூஸ் போகாது. என் பெட்டிக்குப் பல்பு எரியவே இல்லை. "காயில் அறுந்திருக்குது சார்" என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.