வீடு கலிபோர்னியாவில், வாடகை எங்கிருந்து?

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் இருந்துகொண்டு, வாடகைக்கு விடும் முதல் வீட்டையும் இங்கேயே வாங்கலாம் என்றால் கட்டுப்படியாகாது. வருகிற வாடகை மாதத் தவணைக்கே பற்றாது. அதனால் வார இறுதிச் சாப்பாட்டுப் பேச்சு சான் அன்டோனியோ, கிளீவ்லேண்ட், இண்டியானாபொலிஸ் என்று சுற்றிவரும்.

சான் அன்டோனியோ இருக்கும் டெக்சாஸ் என்றதும், "அங்கே மாநில வருமான வரியே கிடையாதே!" என்பார்கள். அங்கே குடியிருப்பவருக்குத்தான் அது. நாம் எந்த மாநிலத்தில் வாடகை வாங்கினாலும் கலிபோர்னியா தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆக, சலுகை நமக்கில்லை. அதை ஈடுகட்ட டெக்சாஸில் வசூலிக்கும் சொத்து வரி மட்டும் நம் தலையில். 2.5 லட்சம் டாலர் வீட்டுக்கு 2.2 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,500 டாலர். மாத வாடகை 1,800 என்றால் அதில் கால்பங்கு அங்கேயே போச்சு. ஆலங்கட்டி மழையால் ஏறும் காப்பீடு தனி.

கிளீவ்லேண்ட் மலிவு. 1950இல் 9 லட்சம் பேர் இருந்த ஊரில் இன்று 4 லட்சம்கூட இல்லை. ஆனால் வீடுகள் கிழடு. அங்கே ஒரு வீட்டைப் பார்த்த நண்பர், கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டு எடுத்த வீடியோவை அனுப்பினார். பழைய சுட்டமண் குழாயின் மூட்டு வழியே மரவேர் தேங்காய் நார் மாதிரி அடைத்துக் கிடந்தது. 1978க்கு முன் கட்டிய வாடகை வீடு என்றால் ஈயப் பெயிண்ட் ஆபத்து இல்லை என்ற சான்றிதழும் நகராட்சிக்கு வேண்டும். தூரத்திலிருந்து முதல் வீடு வாங்குபவருக்கு இதெல்லாம் தேவையா?

என் ஓட்டு இண்டியானாபொலிஸுக்கு. வாடகை வீட்டுக்குச் சொத்து வரி மதிப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இண்டியானா மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மக்கள் வாக்களித்து ஒப்புக்கொள்ளும் பள்ளி வரி போன்றவை மட்டும் விலக்கு. ஒரு பொறியும் உண்டு. விற்பவர் அதே வீட்டில் குடியிருந்தால் அவருக்கு உச்சவரம்பு 1 சதவீதம்தான், வரிக்கழிவுகளும் உண்டு. விளம்பரத்தில் போட்டிருப்பது அவருடைய வரி. நம் கைக்கு வந்ததும் இரண்டு மடங்கானாலும் ஆகும்.

ஊர் முடிவானாலும் தெரு பாக்கி. விலை படியும்போல் இருந்த ஒரு வீட்டின் முகவரியை, வீட்டைப் பராமரித்து வாடகை வசூலித்துத் தரும் ஒருவரிடம் சொன்னேன். "அந்தத் தெருவில் நாங்கள் வீடு எடுப்பதில்லை" என்றார். சரி என்று அடுத்த முகவரியை எடுத்தேன்.