ஏசி நன்றாக இருக்கிறது, போடத்தான் முடியாது: வேலூரில் கார் வாங்குவோர் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் புதிய காருக்கு முன்பணம் கட்டக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் காரில் குளிரைக் கூட்டவும் குறைக்கவும், காற்றின் வேகத்தை மாற்றவும், காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பவும் ஒரு குமிழ்கூடக் கிடையாது. எல்லாம் டாஷ்போர்டின் நடுவில் நிற்கும் தொடுதிரைக்குள் இருக்கின்றன. அந்தத் திரை செத்துவிட்டது. கம்ப்ரஸர், ப்ளோயர், கேஸ் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகச் சர்வீஸ் சென்டரே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் ஏசியைப் போட வழியில்லை. தனியாகப் பணம் கட்டி நான் வாங்கிய கூடுதல் வாரண்டியில் ஏசி அடங்குமாம். திரை 'பொழுதுபோக்குச் சாதனம்' என்ற தலைப்பில் வருவதால் அடங்காதாம். புதுத் திரைக்கு ரூ.74,000 கட்டச் சொல்கிறார்கள். வேலூர் வெயிலில் ஏசி பொழுதுபோக்கா என்று கேட்டேன். அந்த இளைஞர் கணினியைப் பார்த்துக்கொண்டார்.

நான் முதலில் கேட்டது இந்த வகையே இல்லை. அதே காரின் கீழ் வகையில் ஏசிக்கு மூன்று திருகு குமிழ்கள் இருந்தன. அதைத்தான் விலை கேட்டேன். "அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் மேடம், மேல் வகை கையிருப்பில் இருக்கிறது" என்றார் விற்பனையாளர். குமிழ்களைக் காட்டி, "இதெல்லாம் வாடகை வண்டிக்காரர்கள் கேட்பது" என்று ஒரு சிரிப்பு வேறு. பிறகு மேல் வகையில் என்னை உட்கார வைத்து, திரையில் கோட்டைப் படத்தை வைத்துக் காட்டினார், வண்ண விளக்குகளை மாற்றிக் காட்டினார். குளிரூட்டிய ஷோரூமுக்குள் நிற்கும் காரில் எந்தத் திரையும் அழகாகத்தான் வேலை செய்யும்.

கூடுதல் வாரண்டி பற்றி அவர் சொன்ன வாசகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை எல்லாம் அடங்கும்." நிபந்தனைகள் எங்கே என்று கேட்டேன். வண்டியோடு வரும் என்றார். வண்டியோடு வந்தது பிள்ளையார் படம் போட்ட சாவிக்கொத்தும், வாரண்டி எண் அச்சிட்ட ஓர் அட்டையும். முழு நிபந்தனைகளும் என் கைக்கு வந்தது, திரை போன பிறகு நான் எழுத்தில் கேட்டதற்குப் பின்தான். விலக்கு என்ற பகுதியில், சீட் உறைக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே இந்தத் திரையையும் செருகி வைத்திருக்கிறார்கள்.

திரை ஒரே நாளில் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய தில்லுமுல்லு அங்கேதான் நடந்தது. கம்பெனியின் முதல் வாரண்டி இன்னும் உயிரோடு இருந்த நேரம். வெயிலில் நிறுத்திய வண்டியை மதியத்தில் எடுத்தால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், பிறகு தானாக வரும். கைப்பேசியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "சாஃப்ட்வேர் பழையதாகிவிட்டது மேடம்" என்று புதிதாக ஒன்றை ஏற்றி, அது வாரண்டியில் வராது என்று ரூ.1,950 வாங்கிக்கொண்டார்கள். வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதும் ஜாப் கார்டில் நான் சொன்ன குறை இல்லை. 'சாஃப்ட்வேர் புதுப்பிப்பு, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி' என்று மட்டும் இருக்கிறது. நானா கேட்டேன்? அன்றைக்கே திரையை மாற்றியிருந்தால் செலவு கம்பெனியுடையது. முதல் வாரண்டி முடியும்வரை சாஃப்ட்வேர் கதையிலேயே என்னைக் கடத்திவிட்டார்கள்.

கத்திரி வெயிலில் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாமியாருடன் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது திரை தன்னைத் தானே தொட ஆரம்பித்தது. யார் விரலும் படாமல் பட்டியல்கள் திறந்து மூடின, பாட்டுச் சத்தம் ஏறியது, கடைசியில் வெப்பநிலை மேலே மேலே போய் உச்சத்தில் நின்றது. வெளியே அனல், உள்ளே ஹீட்டர். நான் குறைக்கக் குறைக்க அது கூட்டியது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, கண்ணைச் சாலையில் வைப்பதா, திரையில் வைப்பதா? "கண்ணாடியை இறக்கு அம்மா, மூச்சு முட்டுகிறது" என்றார் மாமியார். கண்ணாடிக்கு நல்ல வேளையாகப் பொத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் திரை முழுவதும் அணைந்துவிட்டது. அதன் பிறகு அது எரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வி: "வெயிலில் நிறுத்தினீர்களா?" நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று எங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே நிழலுக்கு எங்கே போவது? அவர்கள் வாசலிலேயே விற்பனைக்கு வைத்திருக்கும் புது வண்டிகள் வெட்டவெளியில்தான் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது கேள்வி, வெளியில் வாங்கிய சார்ஜரைச் செருகினேனா என்பது. மூன்றாவது கேள்வி அல்ல, கோரிக்கை: "வீட்டில் சாரைப் பேசச் சொல்லுங்களேன்." வீட்டில் சார் யாரும் இல்லை. காரும் என் பெயரில், கடனும் என் பெயரில்.

வெறுத்துப்போய்ச் சத்துவாச்சாரியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பழைய வண்டியில் ஏசி குமிழைத் திருப்பினால் ஒரு கேபிள் உள்ளே இருக்கும் தடுப்பை நகர்த்தும், சூடான காற்றும் குளிர்க் காற்றும் கலக்கும் அளவு மாறும். காற்று வேகத்துக்கு ஒரு சுவிட்சும் ஒரு ரெசிஸ்டரும்தான். எது போனாலும் எந்த ஊர்க் கடையிலும் மாற்றிவிடலாம் என்றார். என் வண்டியில் திரை ஒரு கட்டளையை ஒயர் வழியாக இன்னொரு கணினிப் பெட்டிக்கு அனுப்ப, அந்தப் பெட்டி மோட்டாரைத் திருப்புகிறது. திரை இல்லையென்றால் கட்டளையே கிளம்பாது. "தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது அக்கா, குழாயில் திருகைத்தான் காணோம்" என்றார். நேரடியாக ஒயர் இழுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு அவரே வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு வேறு எது கெட்டாலும் அந்த ஒயரைக் காட்டியே கையை விரிப்பார்களாம். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

சர்வீஸ் சென்டர் மேலாளர் கடைசியாகச் சொன்னது: "எலக்ட்ரானிக் பொருள், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதோடு இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம் இல்லை." இந்த இரண்டும் பொய் என்று காட்டத்தான் நான் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கும் கணினியில் 8 ஜிபி நினைவகச் சில்லு இருந்தது. அதில் எழுதி எழுதி அழிக்க அது தேய்ந்துபோகும் என்பது முன்கூட்டியே கணிக்கக்கூடியது. தேய்ந்ததும் திரை போனது. பின்பக்கக் கேமரா, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதி எல்லாம் சேர்ந்து போயின. 2021-இல் அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பாதுகாப்புக் குறை என்றே சொல்லி வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கேட்டது. ஏறத்தாழ 1,35,000 கார்கள் அழைக்கப்பட்டன. பொழுதுபோக்குச் சாதனத்துக்கு யாராவது அப்படிச் செய்வார்களா?

ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப் போய்ச் சாலையை விட்டு விலகி மோதினார். 2020-இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம், வண்டியோடு பொருத்தப்பட்ட திரையும் கைப்பேசி போன்ற மின்னணுச் சாதனங்களுக்கான விதிக்குள்தான் வரும் என்று சொல்லி, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. தண்டனை ஓட்டியவருக்கு, திரையை அங்கே வைத்தவர்களுக்கு அல்ல. படித்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சுவீடனின் 'வி பிலேகாரே' என்ற கார் இதழ் 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், வெப்பநிலையைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற நான்கு சாதாரண வேலைகள். பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோ வண்டியில் 10 நொடிகள், அதற்குள் வண்டி கடந்த தூரம் 306 மீட்டர். மிக மோசமான புதுத் திரை வண்டியில் 44.9 நொடிகள், 1,372 மீட்டர். நம் சென்னை-பெங்களூரு சாலையில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிளும் நடுவில் ஆடும் வரும். அங்கே 1,372 மீட்டரை அரைக் கண்ணோடு ஓட்ட முடியுமா?

ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், எச்சரிக்கை விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரும் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. வேலூரில் கூட்டம் போட்டிருந்தால் சேர்த்திருப்பார்கள்.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைபடம் பார்க்கவும், பின்பக்கக் கேமராவுக்கும் அது அருமையான பொருள். ஓட்டும்போது கை தேடிப் பிடிக்க வேண்டியவற்றை அதற்குள் பூட்டுவதுதான் வம்பு. விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்யும் திரை, வியர்வையில் நனைந்த விரலைப் பல சமயம் தப்பாகப் படிக்கும். நம் ஊரில் வருடத்தில் எத்தனை மாதம் விரல் காய்ந்திருக்கிறது?

ஷோரூமுக்குப் போகிறவர்கள் உச்சி வெயிலில் வெளியே நின்ற வண்டியையே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். பல வண்டிகளில் திரையை மட்டும் அணைக்கும் வசதி உண்டு. அணைத்துவிட்டு ஏசியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், திரை கெட்டால் அது ஏசி பழுதாகக் கணக்கிடப்படுமா என்பதை ஷோரூமின் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வாயால் சொல்ல எல்லாரும் தயார். எழுதச் சொன்னால் மேலாளர் சாப்பிடப் போயிருப்பார். மாற்றுத் திரையின் விலையையும் அப்போதே கேளுங்கள். வாரண்டியின் முழு நிபந்தனைகள் கையில் வராமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், திரை ஒரு முறை கறுத்தாலும் அதே வார்த்தைகளில் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். 'சாஃப்ட்வேர் புதுப்பிப்பு' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஷோரூமிலிருந்து உடனே அழைப்பு வந்தது: புதுத் திரையின் விலையில் இருபது சதவீதம் குறைக்கிறோம், 'முழுத் திருப்தி' என்று ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள். கொடுக்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, குறை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ரூ.400. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய தகவலைத் தெரிந்தே மறைப்பதும் அந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடுதான். என் மனுவின் முதுகெலும்பு அதுவும், தேதியோடு இருக்கும் அந்தக் கைப்பேசி வீடியோவும்.

ஷோரூமின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு முடியும்வரை எழுதவும் மாட்டேன். தனியாகக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். இதே மாதிரி திரை போய் ஏசியும் போனவர்கள் இந்த மாவட்டங்களில் இருந்தால், ஜாப் கார்டு நகலை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரே குறை பலருக்கு இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே மனு போட அதே சட்டத்தில் இடமிருக்கிறது.