பாங்காக்கில் இறங்கி பாங்காக்கில் ஏறுகிறீர்களா? மூன்றெழுத்தைப் பாருங்கள்

போன மாதம் அம்மா, மனைவியோடு சென்னையிலிருந்து வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போனேன். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் ஏஜென்ட். வாட்ஸ்அப்பில் அழகாகக் கணக்கு அனுப்பினார்: சென்னை–பாங்காக் 2,200 கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம். பாங்காக்–சியாங் மாய் 600 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நடுவில் "பாங்காக்கில் 3 மணி 20 நிமிடம் காத்திருப்பு". கிலோமீட்டர் கணக்கில் பெரிய தப்பு இல்லை. வம்பு அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது.

விமானம் 5.10க்கு இறங்க வேண்டியது, 5.35க்கு இறங்கியது. குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிய 6.35. நிதானமாக நான்காவது மாடிக்கு ஏறி, அடுத்த விமானத்தின் கவுண்டரைத் தேடினோம். இல்லை. தகவல் மேசையில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "டான் முவாங்" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார்.

நாங்கள் நின்றது சுவர்ணபூமி. 8.30 விமானம் கிளம்புவது டான் முவாங்கிலிருந்து. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்: ஊருக்குக் கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டான் முவாங். 2006இல் சுவர்ணபூமி திறந்தபோது பழைய டான் முவாங்கை ஓரம்கட்டினார்கள். அப்புறம் அது மலிவு விமானங்களின் கூடாரமாக உயிர் பெற்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே சாலை வழியே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்துகூட உண்டு. அது தெரிந்திருந்தால்தானே?

டாக்சி பிடித்தோம், திங்கட்கிழமை காலை நெரிசல். 8.05க்குப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற முடியாது. மூன்று பேருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்தேன். அன்றைய விலைக்கு.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். "டிக்கெட்லயே தெளிவா போட்டிருக்கே சார்" என்றார். ஆமாம், போட்டிருந்தது. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு: முதல் டிக்கெட்டில் சுவர்ணபூமிக்கான பிகேகே (BKK), இரண்டாவதில் டான் முவாங்குக்கான டிஎம்கே (DMK), பொடி எழுத்தில். எனக்கு அனுப்பிய கணக்கில் மட்டும் இரண்டு இடத்திலும் "பாங்காக்". வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அவை இரண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்). அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியும் தானாக மாறாது, நாமே எடுத்து நாமே மறுபடி போட வேண்டும். ஒரே பிஎன்ஆரா என்று ஏஜென்டிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமான நிலையக் குழப்பம் பாங்காக்கில் மட்டுமில்லை, லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும் இதே கதைதான். இஸ்தான்புல்லில் ஒரு விமான நிலையம் ஐரோப்பாவில், மற்றது ஆசியாவில்!

நேரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். திரும்பும் பயணத்துக்கு அதே ஆள் "பாங்காக்–சென்னை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு" என்று எழுதியிருந்தார். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே கிளம்பும் நேரத்தையும் இங்கே இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்திருக்கிறார்.

அந்தத் திரும்பும் டிக்கெட்டிலும் டான் முவாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏற வேண்டும், இடைவெளி இரண்டே முக்கால் மணி. சியாங் மாய்–பாங்காக் விமானத்தை விட்டுவிட்டு முந்தின நாள் இரவு ரயிலிலேயே பாங்காக் வந்துவிட்டோம். பாதி நாள் பிடித்தது. அம்மாவுக்கு மொத்தப் பயணத்தில் அதுதான் பிடித்ததாம்.