மிளகாய்த்தூள் விற்க வட்ஸ்அப் பிஸ்னஸ்: நாலு வருடம் பாவித்துப் பார்த்தது

முல்லைத்தீவுப் பக்கம் விசுவமடுவில் எங்களுக்கு வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னத் தொழில். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஒடியல் மா, இடைக்கிடை எள்ளுருண்டை. நான், மச்சாள், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், இவ்வளவுதான் ஆட்கள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றால் கிழமைக்கு 25 கிலோ தூள் வரும், அதற்கு மேல் ஏலாது. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரத்தைப் பற்றி நான் பட்டுப் படித்ததெல்லாம் இந்த 25 கிலோவுக்குள்தான் இருக்கிறது.

இதை எழுதக் காரணம், எங்கள் பக்கத்தில் வீட்டிலிருந்து ஏதாவது செய்து விற்கிற பிள்ளைகள் கண்ட இடத்தில் கேட்கிற ஒரே கேள்வி. "அக்கா, பேஜ் போட்டால் ஓடர் வருமோ? பூஸ்ட் பண்ணவோ?" பூஸ்ட் என்றால் பேஸ்புக்குக்குக் காசு கட்டி எங்கள் பதிவைக் கூட ஆட்களுக்குக் காட்டச் சொல்வது. பயிற்சிப் பட்டறைகளில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. அதனால் நான் பாவிக்கிற வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலியைப் பற்றியும் அதற்கு முதல் காசைக் கொட்டிய இடத்தைப் பற்றியும் வடிவாகச் சொல்கிறேன்.

முதலில் காசைக் கொட்டிய கதை. 2021இல் தொடங்கியபோது டவுனில் டிசைன் வேலை செய்கிற ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். பேஸ்புக்கில் பேஜ் திறந்து, லோகோ கீறி, பூஸ்ட்டும் பண்ணித் தருகிறேன் என்றார். ஒரு கிழமைக்குள் இரண்டாயிரத்துக்கு மேல் லைக் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மச்சாள் புதுச் சட்டியே வாங்கிவிட்டா. ஆனால் ஓடர் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இன்பொக்ஸில் "விலை?" என்று ஒரு சொல்லோடு முப்பது நாற்பது பேர், பதில் போட்டால் அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் தம்பி வந்து உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. இடம் என்ற பகுதியில் முழு இலங்கையும் கிடந்தது. வயது 18இலிருந்து மேலே எல்லோரும். இலக்கு என்ற இடத்தில் லைக் என்று தெரிவு செய்யப்பட்டிருந்தது. லைக் வேண்டும் என்று கேட்டுக் காசு கொடுத்தால், லைக் போடுகிற பழக்கமுள்ள ஆட்களைத் தேடித்தான் அது காட்டும், தூள் வாங்குகிறவர்களை அல்ல. மாத்தறையில் இருக்கிற ஒரு பையன் என் மிளகாய்ப் படத்துக்கு லைக் போட்டு எனக்கு என்ன?

அந்த 15,000 ரூபாய்க்கு அப்போது எவ்வளவு செத்தல் மிளகாய் வாங்கியிருக்கலாம் என்று நினைத்து நினைத்து ஒரு மாதம் எனக்கு நித்திரை இல்லை. அதனால் யாராவது பூஸ்ட் பண்ணித் தருகிறேன் என்று வந்தால் எந்த ஊருக்கு, எந்த வயதுக்கு, என்ன இலக்கு, எத்தனை நாள் என்ற நாலையும் உங்கள் கண்ணுக்கு முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, செயலிக்கு வருவோம். வட்ஸ்அப் பிஸ்னஸ் என்பது சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கான வட்ஸ்அப், 2018இல் வந்தது, காசு இல்லை, சாதாரண வட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும். ஒரே நம்பரில் இரண்டையும் வைத்திருக்க முடியாது, ஆனால் இரண்டு சிம் இருந்தால் ஒரே போனில் இரண்டும் ஓடும். நான் தொழிலுக்கென்று தனிச் சிம் எடுத்தேன். இது பெரிய உதவி, முக்கியமாகப் பெண்களுக்கு. வீட்டு நம்பரை ஊருக்கெல்லாம் கொடுக்கத் தேவையில்லை, இரவு ஒன்பதுக்குப் பிறகு அந்தப் போன் கதைக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிரயோசனப்பட்டது கட்டலொக், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கிற பொருள் பட்டியல். 500 பொருள் வரைக்கும் போடலாம், என்னுடையது பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் படம், நிறை, விலை, இரண்டு வரி விளக்கம். முன்பு ஒரு நாளைக்கு இருபது தடவை "கால் கிலோ எவ்வளவு, அரைக் கிலோ எவ்வளவு" என்று தட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இணைப்பை அனுப்பினால் சரி. பேஸ்புக் பேஜில் இன்பொக்ஸுக்கு வாங்கோ என்று விலையை ஒளிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் சனம் காசை எண்ணிப் பார்த்து வாங்குகிற சனம். விலை தெரியாத இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடும். விலையை வெளியே போட்ட மாதத்திலிருந்து கேட்கிற ஆட்கள் குறைந்தார்கள், வாங்குகிறவர்கள் கூடினார்கள்.

விளக்கத்தை யூனிகோட் தமிழில் தட்டுங்கள். அதாவது எந்தப் போனிலும் தெரிகிற, தேடக்கூடிய எழுத்தில். எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் நோட்டீஸ் செய்கிறார்கள், அதைப் படமாகப் போட்டால் பார்க்க வடிவுதான், ஆனால் யாராவது வேப்பம்பூ வடகம் என்று தேடினால் அந்தப் படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பியிருக்க முடியாது. கீழே எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

செயலிக்குள் லேபல் என்று ஒன்று இருக்கிறது. புது ஓடர், காசு வர இருக்கு, காசு வந்தாச்சு, அனுப்பியாச்சு என்று ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நிறம் நிறமாக ஒட்டலாம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் கொப்பியில் எழுதி எழுதி யாருக்கு அனுப்பினோம் என்று தெரியாமல் ஒரே ஆளுக்கு இரண்டு பார்சல் போன காலம் இதோடு முடிந்தது. காசு என்றதும் இன்னொன்று. வங்கியில் போட்டுவிட்டு சிலிப்பைப் படம் எடுத்து அனுப்புவதுதான் இங்கே வழக்கம். ஒருமுறை சிலிப் வந்த கையோடு நாலு கிலோ பார்சல் கட்டி அனுப்பிவிட்டேன், பிறகு கணக்கைப் பார்த்தால் காசு வரவேயில்லை, அது பழைய சிலிப்பில் திகதியை மாற்றிய படம். படத்தை நம்பாதீர்கள். கணக்கில் காசு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பார்சலைக் கட்டுங்கள், அறிந்த ஆள் என்றாலும்.

விளம்பரம் என்று பார்த்தால் என்னுடைய முழு விளம்பரமும் ஸ்டேட்டஸ்தான். காலையில் முற்றத்து வெளிச்சத்தில் சுளகில் மிளகாய் கிடக்கிற படம் ஒன்று. மல்லியும் சீரகமும் வறுபட்டு, கடைசியில் கறிவேப்பிலை போடுகிறபோது வெடிக்கிற சத்தத்தோடு அரை நிமிட வீடியோ ஒன்று. அவ்வளவுதான், பாட்டு ஒன்றும் சேர்ப்பதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கனடாவிலிருந்து ஒரு அண்ணை முதல்முறை எழுதினார். தனக்கு இல்லை, மல்லாவியில் இருக்கிற அம்மாவுக்கு இரண்டு கிலோ. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு வாங்கிக் கொடுப்பது என் விற்பனையில் கிட்டத்தட்டப் பாதி. டொரொன்டோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அவர்கள் வேலை முடிந்து எழுதுகிறபோது எங்களுக்கு விடியப்புறம். அந்த நேரத்துக்குத் தானாகப் போகிற பதில் ஒன்று வைத்திருக்கிறேன், காலை எட்டு மணிக்குப் பதில் தருவேன், விலை கட்டலொக்கில் இருக்கு என்று. காத்திருக்கிறார்கள். பதிலே இல்லாமல் விட்டால்தான் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் போய்விடும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு இடித்தது இன்றைக்கு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பட்டியலும் இருக்கிறது, ஒன்றில் 256 பேர், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஸ்டேட்டஸுக்கும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும். அதனால் நான் ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு துண்டு வைக்கிறேன், நம்பரைச் சேமித்துவிட்டு உங்கள் பெயரையும் ஊரையும் அனுப்புங்கள் என்று. நாலு வருடத்தில் அறுநூறு பேருக்குக் கிட்ட. அந்தப் பேஜின் இரண்டாயிரம் லைக்கை இந்த அறுநூறுக்குப் பக்கத்திலும் வைக்க மாட்டேன்.

கியூஆர் குறியீட்டையும் சொல்ல வேண்டும். செயலியே ஒன்று தரும், ஸ்கான் பண்ணினால் நேரே என் நம்பர் திறக்கும். அதை பக்கெட்டில் ஒட்டுகிற லேபலில் அச்சடித்தேன், பெரிதாக ஒரு பலகையிலும் அடித்து பரந்தன் முல்லைத்தீவு வீதியில், எங்கள் ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் வைத்தேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கெங்கோ இருந்து சனம் அந்த வீதி வழியாகப் போகிறது. இறங்கி வாங்க நேரமில்லாதவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாளுக்குப் பிறகு எழுதினார்கள். பலகைக்கு ஒரு தடவைதான் செலவு.

இனி எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம். 2023இல் யூடியூப் செய்கிற ஒருவர் வந்தார், நல்ல மனதோடுதான் வந்தார், காசும் வாங்கவில்லை. வீடியோ போன இரண்டு நாளில் 140 ஓடர். கை நடுங்கியது எனக்கு. எல்லோரிடமும் சரி என்று சொன்னேன், காசையும் வாங்கினேன். கிழமைக்கு 25 கிலோ என்ற கணக்கு அந்த நேரம் மண்டைக்குள் வரவேயில்லை. மூன்று கிழமை பிந்தியது. வடகம் கேட்டவர்களுக்கு வேப்பம்பூ முடிந்துவிட்டது என்று காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவசரத்தில் வறுத்த ஒரு சட்டி கருகிவிட்டது, அதைக் கொட்டாமல் கலந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தும் பார்த்தோம், கலக்கவில்லை, கொட்டினோம். ஆனால் அந்த மூன்று கிழமையும் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தூள் இல்லை. முள்ளியவளையில் ஒரு ரீச்சர், தொடக்கத்திலிருந்து மாதம் ஒரு கிலோ எடுத்தவர், "பிள்ளை, எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைச்சிருக்கலாம்தானே" என்று ஒரே ஒரு குரல் செய்தி போட்டார். அதற்குப் பிறகு அவர் வாங்கவில்லை. அந்த 140 பேரில் இரண்டாம் முறை வாங்கியவர்கள் ஒன்பது பேர்.

அதனால் இப்போது பூஸ்ட் பண்ணுவதென்றால் நானேதான் பண்ணுகிறேன், வருடத்தில் இரண்டு தடவை, தம்பியின் கார்ட்டில். வரைபடத்தில் விசுவமடுவில் ஊசியைக் குத்தி, பஸ்ஸில் பார்சல் போட்டுவிடக்கூடிய தூரம் மட்டும். லைக்கை இலக்காக வைப்பதில்லை, செய்தி அனுப்புகிற பொத்தானை வைக்கிறேன், அழுத்தினால் வட்ஸ்அப்பில் வந்து நிற்பார்கள். மூன்று நாள், அதோடு நிற்பாட்டுவேன். கடைசியாகப் பண்ணியபோது 19 பேர் கதைத்தார்கள், 11 பேர் வாங்கினார்கள். அது எங்களுக்குத் தாங்கும்.

குறை என்று சொன்னால், கையிருப்புக் கணக்கை இந்தச் செயலி பார்க்காது, எத்தனை பக்கெட் மிச்சம் என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். தெரியாத நம்பர்களுக்கெல்லாம் ஒரேயடியாகச் செய்தி அனுப்பினால் கணக்கை முடக்கிவிடுவார்கள், யாரோ விற்கிற நம்பர்ப் பட்டியலை வாங்கி அந்த வேலைக்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்திருப்பதும் பயம்தான். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கிய நாள், பிற்பகலில்தான் திரும்ப வந்தது. அன்று வவுனியாவுக்குப் பார்சல் போட்ட ஆளின் நம்பர் எனக்கு எங்கும் எழுத்தில் இல்லை. அடுத்த நாளே கொப்பி ஒன்று வாங்கினேன். பெயர், ஊர், நம்பர், எடுக்கிற பொருள் எல்லாம் அதில் கையால் எழுதியிருக்கிறது, இப்போது மூன்றாவது கொப்பி.

வீட்டிலிருந்து விற்கிறவர்கள், தையல், கேக், தயிர், தேன், கருவாடு எதுவாக இருந்தாலும், இந்தச் செயலியை எடுக்கலாம் என்று யோசிக்காமல் சொல்வேன். உணவு செய்கிறவர்கள் விளம்பரத்துக்கு முதல் பிஎச்ஐ ஐயாவை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள், பக்கெட் லேபலில் செய்த திகதியும் முடிகிற திகதியும் நிறையும் இருக்கட்டும். படம் பார்த்து வாங்குகிற ஆள் இரண்டாம் முறை வாங்குவது அதைப் பார்த்துத்தான்.

கட்டலொக்கில் ஒரு பொருளை மறைத்து வைக்கிற வசதி இருக்கிறது, அதை நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். முடிந்த பொருளை அழிக்கத் தேவையில்லை, மறைத்துவிட்டுப் பிறகு திறக்கலாம். வேப்பம்பூ வடகம் இப்போது மறைவில் இருக்கிறது. இந்த முறை பூப் பொறுக்கி, உருண்டை பிடித்து, வெயிலில் காய்ந்து, பக்கெட்டை எண்ணி முடித்த பிறகுதான் திறப்பேன், அதிலும் ரீச்சருக்கு ஒரு பக்கெட் எடுத்து வைத்துவிட்டு.